வெளி ஹார்ட் டிஸ்க்கை எவ்வளவு தூரத்தில் வைக்கலாம்? சில வருட அனுபவம்

கம்ப்யூட்டர் கேபினெட் மேசைக்கு அடியில், பேக்கப் டிஸ்க்குகள் தள்ளி அலமாரியில். நான் விரும்பிய அமைப்பு இதுதான். 3.5 அங்குல டிஸ்க்குகளின் இரைச்சல் பக்கத்தில் கேட்கக் கூடாது, மேசையும் காலியாக இருக்க வேண்டும். இதற்காக ஈ-சாட்டா (கேபினெட்டுக்குள் டிஸ்க்கை இணைக்கும் சாட்டாவின் வெளி வடிவம்), யூஎஸ்பி 2, யூஎஸ்பி 3 மூன்றையும் வருடக்கணக்கில் ஓட்டிப் பார்த்துவிட்டேன். கடையில் கேட்டால், "3 மீட்டர் வரைக்கும் பிரச்சினையே வராது சார்" என்பார்கள். எந்த டிஸ்க், எந்தக் கேபிள், எந்தப் போர்ட் என்று தெரியாமல் அப்படிச் சொல்லிவிட முடியாது.

தனி அடாப்டர் இல்லாத 2.5 அங்குல டிஸ்க் என்றால் முதலில் பார்க்க வேண்டியது மின்சாரத்தை. அதற்கு வேண்டிய 5 வோல்ட் அதே கேபிள் வழியாகத்தான் போகிறது. யூஎஸ்பி 3 போர்ட் தருவது 900 மில்லி ஆம்பியர். டிஸ்க் சுழலத் தொடங்கும்போது பல மாடல்கள் கிட்டத்தட்ட 1 ஆம்பியர் கேட்கும். இங்கே கம்பியின் கனம் முக்கியமாகிறது. கேஜ் என்பது கம்பியின் கனத்தைச் சொல்லும் எண். 28 கேஜ் கம்பி ஒரு மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம் தடை கொடுக்கும். 3 மீட்டர் கேபிளில் மின்சாரம் போய்த் திரும்பும் தூரம் 6 மீட்டர். 900 மில்லி ஆம்பியர் ஓடினால் ஒரு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். டிஸ்க்குக்குப் போய்ச் சேருவது 4 வோல்ட்டுக்கும் குறைவு. 24 கேஜ் கம்பியாக இருந்தால் இழப்பு அரை வோல்ட்டுக்குள் அடங்கும்.

நீளமான கேபிளில் சிறிய டிஸ்க் 'டிக் டிக்' என்று சத்தம் போட்டு, சுழல ஆரம்பித்து நின்று, மறுபடி ஆரம்பிப்பதற்குப் பல நேரம் இதுதான் காரணம். டிஸ்க் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் அரை மீட்டர் கேபிளில் ஒருமுறை மாட்டிப் பாருங்கள். பல கேபிள்களில் மேலுறையிலேயே கேஜ் அச்சிட்டிருக்கும். 28ஏடபிள்யூஜி/1பி, 24ஏடபிள்யூஜி/2சி என்று இருந்தால் இரண்டாவதுதான் மின்சாரம் போகும் கம்பி. எண் குறையக் குறைய கம்பி கனமாகும். எதுவுமே அச்சிடாத நீளக் கேபிளை நான் டிஸ்க்குக்கு வாங்குவதில்லை.

அடாப்டரோடு வரும் 3.5 அங்குல டிஸ்க்கில் இந்தத் தொல்லை கிடையாது. அங்கே சிக்னல்தான் எல்லை போடுகிறது. யூஎஸ்பி 2-க்கு 5 மீட்டர் என்று வைத்ததற்குக் காரணம் நேரம். கேள்வி போய்ப் பதில் குறித்த நேரத்துக்குள் வந்து சேர வேண்டும். யூஎஸ்பி 3-ல் நீளத்துக்கென்று ஓர் எண் விதிக்கப்படவில்லை, சிக்னல் எவ்வளவு தேயலாம் என்பதுதான் கணக்கு. நல்ல கேபிளில் 5 ஜிகாபிட் வேகத்துக்கு 2, 3 மீட்டர் வரை போகலாம். 10 ஜிகாபிட் என்றால் 1 மீட்டர். யூஎஸ்பி 4-ன் 40 ஜிகாபிட் வேகத்துக்குச் சாதாரணக் கேபிள் 80 சென்டிமீட்டர்தான். வேகம் ஏற ஏற கயிறு குட்டையாகிறது.

பலர் விட்டுவிடும் ஒரு விஷயம்: நீளத்தை மதர்போர்டிலிருந்து எண்ண வேண்டும். கேபினெட்டின் முன்பக்க போர்ட்டுக்கு உள்ளே ஏற்கெனவே ஒரு கேபிள் ஓடுகிறது. நடுவில் ஓர் இணைப்பும் கூடுதல். என் கேபினெட்டில் பின்பக்க போர்ட்டில் ஒழுங்காக ஓடிய 2 மீட்டர் கேபிள், முன்பக்கத்தில் மாட்டியதும் தடுமாறியது. ஈ-சாட்டாவிலும் இதே கதை. அதற்கு 2 மீட்டர் என்பது உண்மைதான், ஆனால் அது வலுவான சிக்னல் அனுப்பும் உண்மையான ஈ-சாட்டா போர்ட்டுக்கு. உள்ளே இருக்கும் சாதாரண சாட்டா போர்ட்டை வெறும் தகடு வைத்துப் பின்பக்கம் கொண்டுவந்தால், சாட்டாவின் 1 மீட்டர் எல்லைதான் பொருந்தும். டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் 199 என்ற எண்ணுக்கு நேரே உள்ள சிஆர்சி பிழைக் கணக்கு (வழியில் கெட்டுப்போன தரவின் எண்ணிக்கை) ஏறிக்கொண்டே போனால் முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள்.

யூஎஸ்பி கேபிள் திணறும்போது கோப்பு சத்தமில்லாமல் கெட்டுப்போவது அரிது. பிழை கண்டுபிடிக்கப்பட்டு அதே தரவு மறுபடி அனுப்பப்படும். அதனால் முதலில் தெரிவது வேகக் குறைவு. நொடிக்கு 150 மெகாபைட் எழுத வேண்டிய டிஸ்க் 35-ல் நின்றால், அது யூஎஸ்பி 2-க்கு இறங்கிவிட்டது என்று அர்த்தம். லினக்ஸில் எல்எஸ்யூஎஸ்பி (lsusb) கட்டளையை '-t'யோடு கொடுத்தால் 5000எம் இருக்க வேண்டிய இடத்தில் 480எம் என்று காட்டும். எனக்கு உண்மையிலேயே பயம் தருவது இதற்கு அடுத்த கட்டம்: எழுதிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க் காணாமல் போய்த் திரும்பி வருவது. எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறையில் ஃபார்மேட் செய்த டிஸ்க்கில் ஜர்னல் (செய்யப்போகும் மாற்றத்தை முன்பே குறித்து வைக்கும் பதிவு) கிடையாது. பாதியில் துண்டித்தால் கோப்புப் பட்டியலே குழம்பலாம். குடும்பப் படங்களை அப்படி ஓர் இணைப்பை நம்பி விடாதீர்கள்.

தூரம் கூட்டியே ஆக வேண்டுமென்றால்? ஒரு கேபிளோடு இன்னொரு எக்ஸ்டென்ஷனைக் கோப்பது வேண்டவே வேண்டாம். உள்ளே சிப் வைத்த ஆக்டிவ் கேபிள், அல்லது தனி அடாப்டர் உள்ள ஹப்பை நடுவில் வைப்பது பரவாயில்லை. ஹப் சிக்னலைப் புதிதாக அனுப்புவதால் நீளக் கணக்கு அங்கிருந்து மறுபடி தொடங்கும். அப்புறம், யூஎஸ்பி 3 கேபிள் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சலைக் கிளப்பும். டிஸ்க்கை மாட்டியதும் வயர்லெஸ் மவுஸ் திக்கினால், மவுஸின் ரிசீவரை டிஸ்க் கேபிளிலிருந்து தள்ளி வையுங்கள்.

இப்போது என் டிஸ்க்குகள் அலமாரியில்தான் இருக்கின்றன, ஆனால் நீளமான யூஎஸ்பி கேபிள் இல்லை. பழைய லேப்டாப் ஒன்றை அங்கேயே வைத்து, டிஸ்க்குகளை அரை மீட்டர் கேபிளில் அதோடு இணைத்து, அங்கிருந்து மேசைக்கு ஈதர்நெட் இழுத்திருக்கிறேன். ஈதர்நெட் 100 மீட்டர் வரை போகும். ஜிகாபிட் இணைப்பில் நொடிக்குச் சுமார் 110 மெகாபைட் கிடைக்கிறது. நேராக மாட்டுவதைவிடக் கொஞ்சம் மெதுவு, பேக்கப்புக்கு அது போதும். வீடியோ எடிட் செய்யும் எஸ்எஸ்டி மட்டும் கேபினெட்டின் பின்பக்க போர்ட்டில், அதோடு வந்த குட்டைக் கேபிளில் இருக்கிறது.