சின்ன டிரெய்லர்: வாங்கும்போது பார்த்தவை, வைத்துக் காப்பாற்றும் விதம்

இங்கிலாந்தில் பல வருஷமாக ஒரு சின்ன கார் டிரெய்லர் வைத்திருக்கிறேன். ஓடியதால் அதற்கு வந்த தேய்மானம் கொஞ்சம்தான். மழையிலும் பனியிலும் சும்மா நின்றதால் வந்த வேலைதான் அதிகம். வாங்க நினைப்பவர்கள் இதை மனதில் வைத்தே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

என்னுடையது 6 அடி நீளம், 4 அடி அகலம், ஒற்றை அச்சு, தனி பிரேக் கிடையாது. வாடகைக்கு எடுத்திருக்கும் காய்கறித் தோட்டத்துக்கு எரு கொண்டுபோக, வெட்டிய கிளைகளைக் கழிவு மையத்தில் கொட்ட, பொங்கல் விழாவுக்கு மேசை நாற்காலிகளையும் அண்டாக்களையும் ஏற்ற என்று வருஷம் முழுக்க வேலை இருக்கிறது. வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறைதான் தேவை என்றால் வாடகைக்கு எடுப்பதே நல்லது.

டிரெய்லரைப் பார்க்கப் போவதற்கு முன் உங்கள் காரைப் பாருங்கள். கதவுத் தூணிலோ பானெட்டுக்கு உள்ளேயோ இருக்கும் தகட்டில் எடைகள் வரிசையாக இருக்கும். முதலாவது காரின் மொத்த எடை, இரண்டாவது காரும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடை. அந்த இரண்டாவது எண் இல்லையென்றால் அந்தக் கார் எதையும் இழுக்கக் கூடாது. சில ஹைப்ரிட், மின்சாரக் கார்கள் இப்படித்தான் வருகின்றன. பிரேக் இல்லாத டிரெய்லர் சுமையோடு சேர்த்து காரின் வெறும் எடையில் பாதியையோ 750 கிலோவையோ, இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. 1,300 கிலோ கார் என்றால் உங்களுக்கு 650 கிலோதான். கார் நிறுவனம் அதைவிடக் குறைவாகச் சொல்லியிருந்தால் அதுவே எல்லை. ஓட்டுநர் உரிமத்தைப் பற்றிப் பலர் கவலைப்படுகிறார்கள். 2021 டிசம்பரில் சட்டம் தளர்ந்தது பெரிய டிரெய்லர்களுக்கு. 750 கிலோ வரையுள்ளதை அதற்கு முன்பும் சாதாரணக் கார் உரிமத்திலேயே இழுக்க முடிந்தது.

வாங்கும்போது நான் பிடிவாதமாகக் கேட்டது முழுச் சட்டகமும் துத்தநாகக் குளியல் கண்டதாக, அதாவது துருப் பிடிக்காமல் இருக்க உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்ததாக, இருக்க வேண்டும் என்பது. பெயின்ட் மட்டும் அடித்தது விலை குறைவு. ஆனால் குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பு, பெயின்டில் ஒரு கீறல் கிடைத்தால் போதும், உள்ளே புகுந்துவிடும். பழையது வாங்கினால் முட்டிபோட்டு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள், குறிப்பாக அச்சு சட்டகத்தோடு சேரும் இடத்தில். பிளைவுட் தரையின் ஓரங்களை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் பலகை மாற்ற வேண்டும்.

சுமை விஷயத்தில் கண் ஏமாற்றும். ஈர மண் ஒரு கன மீட்டர் சுமார் ஒன்றரை டன். 6க்கு 4 பெட்டியில் ஓரடி உயரத்துக்கு நிரப்பினால் ஏறக்குறைய ஒரு டன் வந்துவிடும். எரு, மரச்சீவல் என்றால் பெட்டி நிறைய ஏற்றலாம். மண்ணும் ஜல்லியும் கால்வாசியோடு நிறுத்திவிட வேண்டும். கனமானதை அச்சுக்குச் சற்று முன்னால் வையுங்கள். மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம் கொக்கியில் உட்கார வேண்டும். பின்பாரம் கூடினால் வேகத்தில் டிரெய்லர் பாம்பு போல நெளிய ஆரம்பிக்கும். அப்போது பிரேக்கை மிதிக்காமல், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். நடுவில் தடுப்பு இல்லாத இருவழிச் சாலையில் மணிக்கு 50 மைல், மோட்டார்வேயில் 60 மைல் என்ற வரம்பைச் சுமை இல்லாதபோதும் மதிக்கிறேன். காலி டிரெய்லர் குழியில் விழுந்தால் துள்ளிக் குதிக்கும்.

அதிகம் படுத்துவது விளக்குகள்தான். டிரெய்லர் விளக்குகளைக் காரோடு இணைக்கும் 7 பின் பிளக்கில் மஞ்சள் வயர் இடது இண்டிகேட்டர், பச்சை வலது, சிவப்பு பிரேக் விளக்கு, கறுப்பும் பழுப்பும் இடது வலது பின் விளக்குகள், நீலம் மூடுபனி விளக்கு, வெள்ளை எர்த். இண்டிகேட்டர் போட்டால் மற்ற விளக்குகளும் சேர்ந்து மங்கலாக மினுக்கினால் பல்பை மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். வெள்ளை வயரைப் பிடியுங்கள். பெரும்பாலும் எர்த் பச்சை பூத்திருக்கும். பிளக்கின் பின்களை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து வாஸ்லின் தடவுவேன். நிறுத்தி வைக்கும்போது பிளக் தரையில் கிடக்காமல், வாய் கீழே பார்க்கத் தொங்க வேண்டும்.

சக்கர பேரிங் அடுத்தது. வருஷத்துக்கு ஒரு முறை ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காது கொடுங்கள். கரகரவென்று கேட்டால் பேரிங் போகிறது. மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது தடதடத்தால் ஆட்டம் கூடியிருக்கிறது. பழைய மாடல்களில் கழற்றி, கழுவி, கிரீஸ் வைத்து, நட்டை இறுக்கிப் புது பின் போடலாம். மூடிய பேரிங் என்றால் மொத்தமாக மாற்றுவதுதான் வழி. சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தால் கொஞ்ச தூரம் ஓடியதும் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

டயரின் பட்டை புதிதாக இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். சின்ன டிரெய்லரின் டயர் தேயும் முன்பே வயதாகிவிடும். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணில் 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. பக்கச் சுவரில் மெல்லிய வெடிப்பு தெரிந்தால் நான் மாற்றிவிடுவேன். ஸ்டெப்னி கட்டாயம் இல்லை, ஆனாலும் வைத்திருங்கள். இந்தச் சின்ன அளவு டயர் ஞாயிற்றுக்கிழமை அவசரத்துக்கு எல்லாக் கடையிலும் கிடைக்காது.

ரிவர்ஸ் எடுப்பதில் நீளமானதைவிடக் குட்டைதான் கஷ்டம், சட்டென்று மடங்கிவிடும். ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்து, டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துவது என் பழக்கம். காலியாக இருந்தால் கழற்றிக் கையாலேயே தள்ளிவிடலாம். இந்தச் சௌகரியத்துக்காகவே பெரியதை வாங்கவில்லை.

"அண்ணா, சனிக்கிழமை டிரெய்லர் தர்றீங்களா?" என்று நண்பர்கள் கேட்பார்கள். மனசாரக் கொடுப்பேன், இரண்டு விஷயம் சொல்லித்தான். பின்னால் மாட்டும் மஞ்சள் எண் பலகை இழுக்கும் காருடையதாக இருக்க வேண்டும், ஆகவே பலகை அவர்கள் கொண்டுவர வேண்டும். அவர்களுடைய இன்ஷூரன்ஸ் டிரெய்லர் இழுப்பதை ஏற்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கழிவு மையத்துக்குத்தான் போகிறார்கள் என்றால், டிரெய்லருக்கு அனுமதிச் சீட்டோ முன்பதிவோ வேண்டுமா என்று அவர்கள் கவுன்சிலின் இணையதளத்தைப் பார்க்கவும் சொல்வேன்.

வீட்டில் நிறுத்தும்போது மூக்கைச் சற்று உயர்த்தி வைக்கிறேன், தண்ணீர் பின்பக்கம் வடிந்து போகும். தார்ப்பாய்க்கு அடியில் குறுக்கே ஒரு கம்பு, நடுவில் குளம் கட்டாமல் இருக்க. கொக்கிப் பூட்டும் சக்கரப் பூட்டும் இரண்டுமே போடுகிறேன். சாலையில் இரவு நிறுத்த வேண்டி வந்தால் விளக்கு இல்லாமல் விடக் கூடாது என்பது இங்குள்ள விதி. ஆகவே வீட்டு வாசலில் இடம் இருக்கிறதா என்று அளந்து பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.