மட்டக்களப்பு டவுன்ல நடந்த அரசறிவியல் செமினார்

தங்கச்சி இந்தமுற ஏ.எல் (உயர்தரம்) சோதின எடுக்கிறாள், அவளக் கூட்டிக்கிட்டு களுவாஞ்சிக்குடியில பஸ் ஏறி போன சனிக்கிழம டவுன்ல ஒரு அரசறிவியல் செமினாருக்குப் போனன். பீஸ் 700 ரூவா, டியூட்டும் (அச்சடிச்ச நோட்ஸ்) அதுக்குள்ளதான். தலைப்பு, ராணுவ ஆட்சியில இருந்து ஜனநாயகத்துக்கு மாறுற காலத்துல அரசாங்கம் எப்பிடி அமையும் எண்டது. நான் படிக்கக்க இதுக்கு நாலு வரி நோட்ஸ்தான் கிடைச்ச, அதால கடைசி வாங்கில நானும் இருந்திட்டன்.

சேர் நைஜீரியாவுல தொடங்கினாரு. 1998 ஜூன்ல ராணுவ ஆட்சியாளர் அபாச்சா இறந்துபோக ஜெனரல் அப்துல்சலாமி அபூபக்கர் வாறாரு. போர்ட்ல மேல ஒரு பெட்டி கீறினாரு, தற்காலிக ஆளும் சபை, படைத் தளபதிமார் இருக்கிற இடம், சட்டமெல்லாம் ஆணையா அங்க இருந்துதான் வரும். கீழ அமைச்சரவை, அதுக்கும் கீழ 36 மாநிலத்துக்கும் ஒவ்வொரு ராணுவ நிர்வாகி. ஒரு ஓரமா தேர்தல் ஆணைக்குழு. மறுகா சிவப்பு மார்க்கரால திகதி போட்டாரு, 98 டிசம்பர்ல உள்ளூராட்சி, 99 ஜனவரியில ஆளுநர், பெப்ரவரியில பாராளுமன்றமும் ஜனாதிபதியும். மே 29, தேர்தல்ல வெண்ட ஜனாதிபதி ஒபசாஞ்சோ பதவியேற்பு எண்டு எழுதிட்டு மேல் பெட்டியயும் அந்த 36 பேரையும் டஸ்டரால ஒரே இழுவையில அழிச்சாரு. தங்கச்சி பேனைய வெச்சிட்டு போர்டையே பாத்துக்கிட்டு இருந்தாள். முன்னுக்கு இருந்த புள்ள ஒண்டு அப்ப அரசியல் யாப்பு எப்ப சேர் வந்த எண்டு கேட்டிச்சு, வோட்டெல்லாம் முடிஞ்ச பிறகு மே மாசம்தான், அதுவும் ராணுவத்துட ஆணையாலதான் எண்டாரு. நல்ல கேள்வி.

அடுத்தது மியன்மார். 2011 மார்ச்சில ராணுவ சபையக் கலைச்சாங்க, மேல் பெட்டி போச்சு, ஆனா 2008 யாப்புப்படி பாராளுமன்றத்துல 25 வீதம் படைக்காரர், பாதுகாப்பு, உள்நாடு, எல்லை விவகாரம் மூண்டுக்கும் ஆளப் போடுறது தளபதி, முக்கியமான பிரிவுகளத் திருத்த 75 வீதத்துக்கு மேல வோட்டு வேணும், அப்ப அவங்க தலையாட்டாம ஒண்டும் நடக்காது. உள்நாட்டு அமைச்சுக்குள்ள பொலிசு மட்டுமில்ல, நம்மட கச்சேரி (மாவட்ட செயலகம்), டி.எஸ் ஒபிஸ் (பிரதேச செயலகம்) மாதிரியான நிர்வாகமும் 2018 கடைசி வரைக்கும் அங்கதான் இருந்திருக்கு. 2020 நவம்பர் தேர்தல் முடிஞ்சு 2021 பெப்ரவரி 1 படைக்காரர் ஆட்சியத் திருப்பிப் புடிச்சாங்க. செக்பொயிண்ட் பாத்து வளந்த ஊர்ப் புள்ளைகளுக்கு இது வெறும் பாடமில்ல, இன்னும் ஆறுதலாச் சொல்லியிருக்கலாம், இருவது நிமிசத்துல முடிச்சிட்டாரு.

குறை எண்டா டியூட்தான். அந்தப் படம் ஒண்டுகூட அதுல இல்ல, பேரும் வருசமும் மட்டும் வரிசையா அடிச்சிருக்கு. விளக்குக எண்டு கேள்வி வந்தா புள்ள என்னத்த எழுதும்? யாரு யாருக்குக் கீழ, எந்தத் திகதியில எந்த இடம் காலியாகுது, எது காலியாகாமக் கிடக்கு எண்டதுதானே மார்க்ஸ். பின் வாங்குக்கு சேர்ட சத்தமும் சரியா வரல்ல, ஒரே ஒரு பேன்தான்.

எண்டாலும் போங்க, கட்டாயம் போங்க, இப்பிடிக் கீறிப் படிப்பிக்கிற ஆள் கிடைக்கிறது கஷ்டம். நேரத்தோட போய் முன் வாங்கப் புடிங்க, அழிக்க முதல் போர்டப் போட்டோ எடுங்க. தங்கச்சி வீட்ட வந்து அந்த ரெண்டு படத்தையும் பழைய கலண்டர்ட பின்பக்கத்துல கீறி மேசைக்கு மேல ஒட்டியிருக்காள், மியன்மார் படத்துல அந்த மூண்டு அமைச்சுக்கும் மட்டும் சிவப்பு அடிச்சு.