மூணு ஹெல்மெட், பல வருஷ வேர்வை: எது முதலில் கெடுகிறது?

ஹெல்மெட் விமர்சனம் என்று வருவதெல்லாம் பெட்டியைப் பிரித்த அன்றைக்கே எழுதியதாகத்தான் இருக்கிறது. எடை இவ்வளவு, கலர் இத்தனை, காற்றுத் துளை இத்தனை, ஐந்துக்கு நாலரை மார்க். வெயிலிலும் மழையிலும் வருஷக்கணக்கில் கிடந்த பிறகு அதே ஹெல்மெட் எப்படி இருக்கிறது என்று சொல்ல ஆள் இல்லை. எனக்கு வேலை, மோட்டார் (பைக்), சைக்கிள் என்று மூன்று வகை ஹெல்மெட்டோடும் பழக்கம் உண்டு. வீடு பினாங்குத் தீவில் பாயான் பாருவில், வேலை கடலுக்கு அந்தப் பக்கம் பத்து காவானில் கட்டுமான சைட்டில், எம் அண்ட் இ (இயந்திர, மின்சார வேலை) சூப்பர்வைசர். போக வர கப்சாய்தான் (சின்ன பைக்), பினாங்கு இரண்டாவது பாலம் வழியாக. ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு தெலுக் பஹாங், பாலிக் புலாவ் என்று ஒரு சுற்று.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடையில் பேச்சு முழுக்க மேல் ஓட்டைப் பற்றித்தான்: ஃபைபர், ஏபிஎஸ் பிளாஸ்டிக், கார்பன், பளபளப்பு. நான் பார்த்தவரை ஓடு கடைசியில்தான் கெடும். அதற்கு முன்னாலேயே உள் பட்டை, பஞ்சு, வார், பக்கிள், வைசர் (முகக் கண்ணாடி) எல்லாம் போய்விடும். ஓடு மட்டும் நன்றாக இருந்து, உள்ளே இருப்பது தலையைப் பிடிக்கவில்லை என்றால், அது ஹெல்மெட் இல்லை, தொப்பி.

வேலை ஹெல்மெட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன், அதுதான் என் தலையில் அதிக நேரம் உட்கார்ந்திருக்கிறது. கம்பெனி முதலில் கொடுத்தது பேர் தெரியாத மஞ்சள் ஒன்று. பின்னால் திருகுகிற ரேச்செட்டின் பல் சில மாதத்திலேயே தேய்ந்துவிட்டது. காலையில் இறுக்கிவிட்டுப் போனால் பத்து மணி டீக்கு முன் தானாகத் தளர்ந்து புருவத்தில் வந்து உட்காரும். குனிந்தால் கீழே விழும், ஒரு கையால் ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஏணியைப் பிடிக்கிற நிலைமை. அப்புறம் சொந்தக் காசில் எம்எஸ்ஏ வி-கார்ட் வாங்கினேன். எச்டிபிஈ பிளாஸ்டிக் ஓடு, உள்ளே துணிப் பட்டை, பின்னால் ரேச்செட். ஆடம்பரம் எதுவும் இல்லை, ஆனால் குமிழ் இன்றைக்கும் நழுவவில்லை. நெற்றிப் பட்டை மட்டும் வேர்வையில் ஊறி உப்புப் பூத்து வெள்ளைக் கோடு விழுந்துவிடுகிறது. நம்ம ஊர் வெயிலில் அதைத் தடுக்க முடியாது, கழுவிக் காயவைக்கத்தான் முடியும்.

இந்த வகையில் உண்மையாக வேலை செய்வது ஓடும் இல்லை, பட்டையும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் இருக்கிற காலி இடம். மேலிருந்து ஒரு ஸ்பேனர் விழுந்தால் ஓடு கீழே அமுங்கும், பட்டை இழுபட்டு வேகத்தை வாங்கிக்கொள்ளும், அந்த இடைவெளி தீர்வதற்குள் அடி அடங்கிவிட வேண்டும். ஐரோப்பாவின் ஈஎன் 397 சோதனையில் 5 கிலோ எடையை 1 மீட்டர் உயரத்திலிருந்து போடுவார்கள், உள்ளே இருக்கும் மாதிரித் தலைக்கு 5 கிலோ நியூட்டனுக்கு மேல் விசை போய்ச் சேரக் கூடாது. கூர்மையான 3 கிலோ எடையையும் போட்டு, முனை தலையைத் தொடுகிறதா என்று பார்ப்பார்கள். நம்ம மலேசியத் தரம் எம்எஸ் 183. இப்போது சைட்டில் பாருங்கள், அந்த இடைவெளிக்குள்தான் சிகரெட் பெட்டி, கையுறை, டச் அண்ட் கோ டோல் கார்டு, ஒருத்தர் போன்கூட வைத்திருக்கிறார். அத்தனையும் அடி வாங்க வேண்டிய இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

ஓட்டின் முன் விளிம்புக்கு அடியில் ஒரு சின்ன வட்ட முத்திரை இருக்கும். சுற்றிலும் 1 முதல் 12 வரை மாதம், நடுவில் வருஷம், ஒரு அம்புக்குறி. அது தயாரித்த மாதம். எம்எஸ்ஏ சொல்கிற கணக்கு, பயன்படுத்தத் தொடங்கியதிலிருந்து உள் சஸ்பென்ஷனை (பட்டைகளை) 12 மாதத்தில் மாற்று, ஓட்டை 5 வருஷத்தில் மாற்று. எங்கள் சைட்டில் ஓட்டை மாற்றுகிறவர்கள் உண்டு, சஸ்பென்ஷனை மட்டும் தனியாக வாங்கலாம் என்று தெரிந்தவர்கள் குறைவு. முழு ஹெல்மெட் விலையில் பாதிகூட வராது, ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும், நாலு முனையையும் அமுக்கி மாட்டினால் வேலை முடிந்தது. ஓட்டுக்கு நான் பார்க்கிற அடையாளம் வேறு. பளபளப்பு போய் விரலில் மாவு மாதிரி ஒட்டினால் வெயில் பிளாஸ்டிக்கைத் தின்றுவிட்டது என்று அர்த்தம். இரண்டு பக்கமும் கையால் அழுத்தி விட்டுப் பார்க்கலாம், டக்கென்று பழைய வடிவத்துக்குத் திரும்ப வேண்டும். நெளிநெளியாக மயிரிழை வெடிப்பு தெரிந்தாலோ நொறுங்குகிற சத்தம் கேட்டாலோ அதோடு சரி. பெயர் எழுதினதைத் தின்னர் போட்டுத் துடைப்பவர்களும் இருக்கிறார்கள், அதற்கு வெறும் தலையோடு நிற்கலாம்.

காற்றுத் துளை வைத்த மாடல் நன்றாகத்தான் இருக்கும், பிற்பகல் மூன்று மணிக்கு அதன் அருமை தெரியும். ஆனால் மின்சாரப் பக்கம் வேலை செய்பவர்கள் யோசிக்க வேண்டும். அமெரிக்கத் தரமான ஆன்சி இசட் 89.1-இல் கிளாஸ் ஈ என்றால் 20,000 வோல்ட்டில் சோதித்தது, கிளாஸ் ஜி 2,200 வோல்ட், கிளாஸ் சி-க்கு மின் பாதுகாப்பே கிடையாது. துளை போட்டதெல்லாம் இந்தக் கடைசி வகைதான். எனக்கு டிபி பாக்ஸ் (மின்விநியோகப் பெட்டி) பக்கம் நிற்கிற வேலை என்பதால் துளை இல்லாததோடு வேர்த்துக்கொண்டு இருக்கிறேன்.

இன்னொன்று, தாடை வார். "அண்ணே, கழுத்து அரிக்குது, போடாட்டி என்ன?" என்று ஒரு தம்பி கேட்டான். கேள்வி நியாயமானதுதான், பதில்தான் நீளம். ஈஎன் 397 ஹெல்மெட்டின் வார், 150 முதல் 250 நியூட்டன் இழுப்பில் தானாகக் கழன்றுகொள்ள வேண்டும், எங்காவது மாட்டினால் கழுத்தை நெரிக்கக் கூடாது என்பதற்காக. மலையேறுகிறவர்களுக்கான ஈஎன் 12492-இல் நேர் எதிர், குறைந்தது 500 நியூட்டன் தாங்க வேண்டும், விழுகிறபோது ஹெல்மெட் தலையை விட்டுப் போகக் கூடாது. ஆக தரையில் நிற்பவனுக்கும் ஸ்காஃபோல்டில் (சாரத்தில்) நிற்பவனுக்கும் ஒரே வார் பொருந்தாது. பெட்ஸல் வெர்டெக்ஸ் என்ற மாடலில் இந்த இரண்டையும் மாற்றிக்கொள்கிற கிளிப் இருக்கிறது. மேலே ஏறுகிற டீமுக்கு எங்கள் கம்பெனி அதைத்தான் வாங்கிக் கொடுத்திருக்கிறது, நான் இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தேன், தலையில் ஒட்டி நிற்கிறது, விலை மட்டும் ஒட்டவில்லை. பக்கவாட்டு அடிக்கு சாதாரண வேலை ஹெல்மெட் செய்யப்பட்டதே இல்லை, அது உச்சந்தலைக்கு மட்டும். அமெரிக்காவின் வேலைப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா 2023 டிசம்பரில் தன் சொந்த ஆட்களுக்குப் பழைய வகையை விட்டுவிட்டு, தாடை வார் வைத்த புது வகைக்கு மாறப்போவதாக அறிவித்தது. இங்கேயும் பெரிய சைட்களில் அந்த மாதிரி ஹெல்மெட் கண்ணில் படத் தொடங்கிவிட்டது.

சரி, மோட்டார் ஹெல்மெட். இரண்டாவது பாலம் 24 கிலோமீட்டர். 2019 ஜனவரியிலிருந்து மோட்டாருக்கு டோல் இல்லை, ஆனால் காற்றுக்கு யாரும் விலக்கு கொடுக்கவில்லை. நடுக்கடலில் பக்கவாட்டில் அடிக்கும்போது தளர்ந்த ஹெல்மெட் எது என்று தலைக்கே தெரியும்: காற்று அடியில் புகுந்து தூக்கும், வார் தாடையை அறுக்கும். அதனால்தான் நான் அளவைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன். கடையில் போட்டு, ஹெல்மெட்டைப் பிடித்து இடம் வலம் அசையுங்கள், கன்னத்துத் தோலும் நெற்றித் தோலும் சேர்ந்து அசைய வேண்டும். வாரை மாட்டிக்கொண்டு பின்பக்க விளிம்பைப் பிடித்து முன்னால் தள்ளுங்கள், கழன்று வந்தால் வேண்டாம். பத்து நிமிஷம் அப்படியே கடையில் நில்லுங்கள், தவுக்கே (கடைக்காரர்) முறைத்தாலும் பரவாயில்லை. ஏசியன் ஃபிட் என்று வருவதெல்லாம் உருண்டைத் தலைக்குச் செய்தது. என் தலை முன்னும் பின்னும் நீளம், அதைப் போட்டால் அரை மணியில் நெற்றி விண் விண் என்று தெறிக்கும், காதோரம் மட்டும் இடைவெளி இருக்கும். டேப்பில் அளந்து 58 சென்டிமீட்டர் என்று ஆன்லைனில் ஆர்டர் செய்வதில் உள்ள சிக்கல் இதுதான், சுற்றளவு சரியாக வரும், வடிவம் வராது.

மோட்டாரில் ஹெல்மெட் போட வேண்டும் என்ற விதி இங்கே 1973-இலிருந்தே இருக்கிறது, சிரிம் (மலேசியத் தரச் சோதனை அமைப்பு) ஸ்டிக்கரைப் பார்த்து வாங்கு என்பதும் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் ஜப்பானிய பிராண்டான அராய் பெயரை ஒட்டிய போலிகள் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்றுக்கொண்டுதான் இருக்கின்றன. கையில் எடுத்ததுமே தெரியும், உள் பஞ்சைக் கொஞ்சம் பிரித்தால் வெள்ளை நுரை மெலிசாக, சில இடத்தில் பாதிதான் இருக்கும். அந்த நுரைதான் ஈபிஎஸ், அதாவது தெர்மோகோல் குடும்பம். பென்டேன் அடைத்த சின்னச் சின்ன மணிகளை நீராவியில் பொரி மாதிரி உப்பவைத்து, அச்சில் போட்டு மறுபடியும் நீராவி விட்டு ஒன்றோடொன்று ஒட்டவைப்பார்கள். எவ்வளவு அடர்த்தி என்பதில்தான் தயாரிப்பவரின் சாமர்த்தியம். ரொம்பக் கெட்டியாக இருந்தால் நசுங்காது, அடி நேராக மூளைக்குப் போகும். ரொம்ப மெதுவாக இருந்தால் சீக்கிரம் தரைதட்டிவிடும். ஒரு தடவை நசுங்கினால் மீளாது, வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் உள்ளே முடிந்துபோயிருக்கலாம். கை தவறிக் காலி ஹெல்மெட் விழுந்தாலே தூக்கிப் போட வேண்டும் என்பது மட்டும் கொஞ்சம் மிகை. உள்ளே தலையின் எடை இருக்கும்போது விழுகிற அடிதான் நுரையை நசுக்குகிறது. அதைவிடக் கெடுதல், தினமும் சைடு மிரரில் மாட்டி வைப்பது. மிரர் முனை நுரையில் குழி போட்டுவிடும், பார்க்கிங்கில் பாதிப் பேர் அப்படித்தான் மாட்டியிருக்கிறார்கள்.

சோதனை வேகத்தைக் கேட்டால் பலருக்கு அதிர்ச்சி. ஐநாவின் ஈசிஈ 22.05 தரத்தில் ஹெல்மெட்டை மோதவிடுகிற வேகம் விநாடிக்கு 7.5 மீட்டர், மணிக்கு 27 கிலோமீட்டர்தான். பாலத்தில் 90-இல் போகிறோமே என்று கேட்கலாம். இது ஓட்டுகிற வேகம் இல்லை, தலை கீழே விழுகிற வேகம், கிட்டத்தட்ட 2.9 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். சறுக்கிக்கொண்டு போனால் முன்னோக்கிய வேகம் சாலையில் தேய்ந்து தீரும். சுவரிலோ லாரியிலோ நேராகப் போய் மோதினால் அந்தக் கணக்கு செல்லாது. புதிய 22.06-இல் 8.2 மீட்டர், 6 மீட்டர் வேகங்களும், தலையைத் திருகுகிற சாய்ந்த மோதல் சோதனையும் சேர்ந்திருக்கின்றன. அடுத்து வாங்கினால் அதில்தான் வாங்குவேன்.

நான் இப்போது போடுவது நடுத்தர விலையில் ஒரு திறந்த முக ஹெல்மெட், ஏபிஎஸ் ஓடு. முழு முகம்தான் பாதுகாப்பு, அதில் சந்தேகமே இல்லை, தாடையில் விழுகிற அடியைத் திறந்த முகம் தடுக்காது. ஆனாலும் இந்த வெக்கையில் முழு முகத்தை வாங்கி வீட்டில் வைத்துவிட்டுப் போகிறவர்களையும் பார்க்கிறேன். இதில் முதலில் கெட்டது வைசர். கடல் காற்று, மழை, சட்டையாலேயே துடைக்கிற பழக்கம், எல்லாம் சேர்ந்து மெல்லிய கீறல் வலை பின்னிவிட்டது. பகலில் ஒன்றும் தெரியாது. இரவு மழையில் எதிரே லாரி லைட் வரும்போது கண்ணுக்கு முன் வெளிச்சம் பூவாக விரிந்து சாலையே மறைந்துவிடும். தண்ணீர் விட்டு, துளி பேபி ஷாம்பு போட்டு, மெதுவான துணியில் துடைத்தால் ஆயுள் கூடுகிறது, ஆனாலும் மாற்றித்தான் ஆக வேண்டும். அடுத்தது பக்கிள். டிக் டிக் என்று மாட்டுகிற அந்தப் பல் பட்டையில் தூசி அடைத்து, பாதியில் நின்றுகொண்டு மாட்டியது போலக் காட்டும். மாட்டிய பிறகு ஒரு தடவை இழுத்துப் பார்க்கிற பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். கன்னப் பஞ்சு கழற்றித் துவைக்கிற மாதிரி இருந்தால் மட்டும் வாங்குங்கள், துவைக்க முடியாததன் வாசனை எப்படி இருக்கும் என்று இங்கே எழுத வேண்டாம்.

சைக்கிள் ஹெல்மெட் பற்றி அவ்வளவு புகார் இல்லை. ஈஎன் 1078-இல் சோதனை விநாடிக்கு 5.42 மீட்டர், சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்து விழல்தான், அதனால் அதைப் போட்டுக்கொண்டு மோட்டார் ஓட்டுவது வேண்டாத வேலை. என்னுடையதில் மிப்ஸ் இருக்கிறது, உள்ளே ஒரு மெல்லிய மஞ்சள் தகடு, சாய்வாக மோதும்போது பத்துப் பதினைந்து மில்லிமீட்டர் நழுவித் தலை திருகுவதைக் குறைக்கிறது. சுவீடன்காரர்கள் கண்டுபிடித்தது. இருப்பதே தெரியாது, எப்போதாவது முடியைப் பிடித்து இழுக்கும். தித்தி கெராவாங் ஏற்றத்தில் வழிகிற வேர்வை முழுக்க நெற்றிப் பஞ்சில் இறங்கி, அது முதலில் நாறி, அப்புறம் வெல்க்ரோ விட்டு, கடைசியில் கையோடு வந்துவிட்டது. பஞ்சு தனியாகக் கிடைத்ததால் தப்பித்தேன். காருக்குள் கண்ணாடிக்கு அடியில் வெயிலில் வைக்காதீர்கள், ஒரு நண்பருடையதன் மேல் தோல் அப்பளமாக எழும்பி நுரையை விட்டுப் பிரிந்துவிட்டது.

என்ன பிராண்ட் என்று கேட்பவர்களுக்கு நான் பெயர் சொல்வதில்லை, கேள்வி ஒன்று சொல்லிக் கொடுக்கிறேன். காசை நீட்டும் முன் கடையில் கேளுங்கள், "தவுக்கே, இந்த மாடலுக்கு வைசர், கன்னப் பஞ்சு, பட்டை எல்லாம் தனியா கிடைக்குமா, அடுத்த வருஷமும் இருக்குமா?" உள்ளே போய் ஒரு பாக்கெட்டை எடுத்து வந்து காட்டினால் வாங்கலாம். "கெட்டா புதுசு வாங்கிக்கலாம் லா" என்று சிரித்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.