மந்திரத்தால் முதுகில் குத்தலாமா? 3.5 பதிப்பும் 5-ஆம் பதிப்பும்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டில் ரோக் (திருடன்) பாத்திரத்துக்கு மந்திரமும் கற்றுக்கொடுத்தவர்களுக்கு உடனே எழும் கேள்வி: மந்திரத்தோடு ஸ்னீக் அட்டாக், அதாவது சாதகமான நேரத்தில் அடிக்கும்போது ரோக்குக்குக் கிடைக்கும் கூடுதல் சேதம், சேருமா?

2003-இல் வந்த 3.5 பதிப்பில் சேரும். ஆனால் அந்த மந்திரத்துக்குத் தாக்குதல் பகடை (அடி படுகிறதா என்று பார்க்கும் பகடை) உருட்ட வேண்டும். தூரத்திலிருந்து எறிந்தால் எதிரி 30 அடிக்குள், சுதாரிக்காமல் இருக்க வேண்டும். நெருப்புக் கதிர் எறியும் ஸ்கார்ச்சிங் ரே மந்திரம் இதற்குக் கச்சிதம். மூன்று கதிர்கள் ஒரேயடியாகப் பாய்ந்தாலும் கூடுதல் சேதம் ஒன்றுக்குத்தான். ஃபயர்பால், மேஜிக் மிசைல் மந்திரங்கள் இரண்டுக்கும் தாக்குதல் பகடையே இல்லை, அதனால் சேராது. எலும்புக்கூடு, ஜாம்பி வகையறாவிடமும் இது பலிக்காது. கல்லறைக்குள் நுழையும் கதையென்றால் ரோக் பாடு திண்டாட்டம்தான்.

2014-இன் 5-ஆம் பதிப்பு கறார். ஃபினெஸ் (லாவகமாக வீசும்) ஆயுதமோ தொலைதூர ஆயுதமோ கையில் வேண்டும். ஃபயர் போல்ட் மந்திரத்துக்குத் தாக்குதல் பகடை உண்டு, ஆனால் அது ஆயுதம் அல்ல. இங்கேதான் எனக்குப் பிடித்த சந்து இருக்கிறது: பூமிங் பிளேடு மந்திரத்துக்குள்ளேயே ஆயுதத் தாக்குதல் இருக்கிறது, ஃபினெஸ் வாளான ரேப்பியரால் அடித்தால் ஸ்னீக் அட்டாக் சேர்ந்துவிடும். ஷேடோ பிளேடு மந்திரம் உருவாக்கும் வாளே ஃபினெஸ் ஆயுதம்.

கதிர் எறியும் திருடன்தான் உங்கள் கனவு என்றால் 3.5-ஐயே எடுங்கள். எனக்கு வாள்வீச்சும் மந்திரமும் ஒரே அடியில் கலப்பதுதான் இனிக்கிறது, அதனால் ஐந்தாம் பதிப்பு.