தனி ஜெட்டுக்குச் சந்தா: காலி ரிட்டன் யார் கணக்கில்?

மதுரையிலிருந்து சென்னைக்கு ஒரு வழி மட்டும் போக டிராவல்ஸில் கார் கேட்டால், கிலோமீட்டர் ரேட்டைச் சொன்ன கையோடு அடுத்ததையும் சொல்லிவிடுவார்கள்: "வண்டி காலியாத்தான் சார் திரும்பணும், ரெண்டு பக்கமும் கணக்கு வரும்." கூடவே டிரைவர் பேட்டா, டோல், ஒரு நாளைக்குக் குறைந்தது இத்தனை கிலோமீட்டர். இதற்குப் போட்டியாகத்தான் டிராப் டாக்ஸி வந்தது. கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல், ஆனால் போகிற பக்கத்துக்கு மட்டும் காசு. திரும்பும் சவாரியைப் பிடிப்பது கம்பெனியின் தலைவலி.

அமெரிக்காவில் தனி ஜெட் பயணத்துக்கு விற்கும் மெம்பர்ஷிப் திட்டங்களும் இதே கதைதான், பூஜ்யங்கள்தான் கூடுதல். இது காசுக்குத் தகுமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் மணி நேர ரேட்டை மட்டும் ஒப்பிடுகிறார்கள். நான் இரண்டே விஷயத்தைப் பார்ப்பேன். காலியாகத் திரும்பும் விமானத்துக்கு யார் காசு கொடுக்கிறார்கள்? நாம் கட்டிய முன்பணம் யார் கையில் இருக்கிறது?

முதலில் கடையில் என்ன சரக்கு இருக்கிறது என்று பார்த்துவிடலாம். சந்தா எதுவும் இல்லாமல், தேவைப்படும்போது புரோக்கரிடம் சொல்லி வாடகைக்கு எடுப்பது சார்ட்டர். 25 மணி நேரம் போல மொத்தமாக முன்பணம் கட்டி, நிலையான ரேட்டில் கழித்துக்கொள்வது ஜெட் கார்டு. 2001-இல் மார்க்விஸ் ஜெட் என்ற கம்பெனி, நெட்ஜெட்ஸ் என்ற பெரிய தனி ஜெட் கம்பெனியின் விமானங்களில் பறக்கும் நேரத்தை 25 மணி நேரப் பொட்டலமாக விற்றதிலிருந்து இது பிரபலமானது. விமானத்தில் பதினாறில் ஒரு பங்கையோ எட்டில் ஒரு பங்கையோ வாங்கி ஐந்து வருடம் போல வைத்திருப்பது பங்கு முறை. பதினாறில் ஒன்று என்றால் வருடத்துக்கு 50 மணி நேரம். கணிதம் படித்து, கோல்ட்மன் சாக்ஸில் வேலை பார்த்த ரிச்சர்ட் சான்டுலி 1986-இல் தொடங்கியது இது. அவர் அதற்காக வாங்கிய கம்பெனி, பின்னால் நெட்ஜெட்ஸ் என்று பெயர் மாறியது, ஒஹாயோவின் கொலம்பஸ் நகரில் 1964-இல் ஆரம்பித்தது. ஹிரோஷிமாவில் குண்டு போட்ட விமானத்தை ஓட்டிய பால் டிபெட்ஸ் ஒரு காலத்தில் அதன் தலைவராக இருந்தார் என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லாத, ஆனால் விட மனம் வராத தகவல்.

சரி, பில்லுக்கு வருவோம்.

நியூயார்க் பக்கம் தனி ஜெட்காரர்கள் பயன்படுத்துவது நியூ ஜெர்சியின் டீட்டர்பரோ விமான நிலையம். அங்கிருந்து ஃப்ளோரிடாவின் பாம் பீச்சுக்குச் சுமார் இரண்டரை மணி நேரம். கணக்குக்காகச் சிறிய ஜெட் ஒன்றுக்குச் சார்ட்டரில் மணிக்கு 5,000 டாலர், கார்டில் 8,000 டாலர் என்று வைத்துக்கொள்கிறேன். ரேட் ஆண்டுக்கு ஆண்டு, விமானத்துக்கு விமானம் மாறும். ஆனால் கார்டு மணிக்கு மணி விலை கூடியது என்பது மட்டும் மாறாது.

காலையில் போய் மாலையில் திரும்பும் பயணம் என்றால், சார்ட்டர் விமானம் அங்கேயே காத்திருக்கும். ஐந்து மணி நேரம், 25,000 டாலர். அதன் மேல் மத்திய அரசின் பயண வரி 7.5 சதவீதம் சேர்த்து 26,875. இதையே கார்டில் போனால், ஒவ்வொரு பறப்பிலும் ஓடுபாதைக்கு ஊர்ந்து போகவும் வரவும் 12 நிமிடம் சேர்ப்பார்கள். (ஊர்ந்து போவதற்கு விமானத் தொழிலில் பெயரும் டாக்ஸிதான்.) ஆக 5.4 மணி நேரம், 43,200 டாலர், வரியோடு 46,440. சார்ட்டர்காரர் அடித்துத் தூக்கிவிட்டார்.

இப்போது ஒரு வழி மட்டும் போகிறோம். சார்ட்டர் காலியாகத் திரும்ப வேண்டும், ஆகவே பில் அதே 26,875. நீங்கள் திரும்பினாலும் திரும்பாவிட்டாலும் அதே காசு, மதுரை டாக்ஸி மாதிரியே. கார்டில் காலி ரிட்டன் கம்பெனியின் தலைவலி, உங்களுக்கு 2.7 மணி நேரத்துக்கு வரியோடு 23,220தான். போய் ஐந்து நாள் தங்கிவிட்டு வந்தால் சார்ட்டர் காலியாகத் திரும்பி, காலியாகவே மறுபடி வர வேண்டும்: சார்ட்டரில் 53,750, கார்டில் 46,440. மணிக்கு 3,000 டாலர் கூடுதல் வாங்கும் கார்டு இங்கே மலிவாகிவிட்டது.

ஆக, விலையைத் தீர்மானிப்பது நீங்கள் பறக்கும் மணி நேரமல்ல, பயணத்தின் வடிவம். இந்தத் தொழிலில் ஒரு வாய்ப்பாடு வைத்திருக்கிறார்கள்: வருடத்துக்கு 25 மணி நேரத்துக்குள் சார்ட்டர், 25 முதல் 50 வரை கார்டு, அதற்கு மேல் பங்கு, 400 தாண்டினால் சொந்த விமானம். விற்பவருக்கு வசதியான வாய்ப்பாடு. 60 மணி நேரம் பறந்தாலும் எல்லாமே அன்றே திரும்பும் பயணங்கள் என்றால் கார்டு வாங்குவது வீண். 20 மணி நேரம்தான் பறக்கிறார், ஆனால் எல்லாமே ஒரு வழி என்றால் கார்டு பேசலாம்.

இதிலும் ஒரு மடிப்பு இருக்கிறது. நியூயார்க், ஃப்ளோரிடா போன்ற கூட்டமான தடத்தில் குளிர்காலத்தில் ஏகப்பட்ட விமானங்கள் போய்வந்துகொண்டிருக்கும். திரும்பும் சவாரி அவர்களுக்குத் தானாகக் கிடைக்கும் என்பதால் சார்ட்டர் புரோக்கரும் ஒரு வழி ரேட் தருவார். நான் மேலே போட்ட கணக்கில் கார்டின் லாபம் அங்கேயே கரைந்துவிடும். கார்டு உண்மையில் உதவுவது கான்சஸில் ஒரு சிறு ஊரிலிருந்து ஐடஹோவின் ஹெய்லிக்கு என்பது போன்ற, யாரும் போகாத ஒரு வழித் தடங்களில். அதாவது, கார்டு விற்பவர்கள் பளபளப்பான படத்தில் காட்டும் கடற்கரையில் அல்ல.

காலியாகத் திரும்பும் அந்த விமானத்தையே மலிவாக விற்பதும் உண்டு. எம்ப்டி லெக் என்பார்கள். சில சமயம் பாதி விலைக்கும் கீழே கிடைக்கும். ஆனால் முதலில் பதிவு செய்தவர் ஒரு நாள் தள்ளிப்போட்டால் உங்கள் விமானமும் போச்சு. கல்யாணத்துக்குப் போகிறவர் இதை நம்பக் கூடாது.

குறுகிய தூரம் போகிறவர்கள் ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியது குறைந்தபட்ச நேரம். டீட்டர்பரோவிலிருந்து நான்டக்கெட் தீவுக்கு முக்கால் மணி நேரம். பல கார்டுகளில் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ கழித்துக்கொள்வார்கள். நாளைக்கு 250 கிலோமீட்டர் மினிமம் என்று கார்க்காரர் சொல்வதன் அண்ணன்தான் இது.

அடுத்தது பீக் டே, அதாவது எல்லாரும் பறக்கும் கூட்ட நாள். நவம்பர் கடைசியில் வியாழக்கிழமை வரும் அமெரிக்கப் பண்டிகையான தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தைய புதன், பிந்தைய ஞாயிறு, கிறிஸ்துமஸை ஒட்டிய நாட்கள். சாதாரண நாளில் பத்து மணி நேரம் முன்னால் சொன்னால் விமானம் வரும் என்று உறுதி தரும் திட்டம், இந்த நாட்களில் மூன்று நான்கு நாள் முன்னால் சொல்லச் சொல்லும், கூடுதல் கட்டணம் போடும், நீங்கள் கேட்ட நேரத்தைச் சில மணி நேரம் நகர்த்தும் உரிமையையும் வைத்துக்கொள்ளும். மற்றவர்களும் பறக்க நினைக்கும் நாளில்தான் நமக்கும் விமானம் தேவைப்படும் என்பது அவர்களுக்குத் தெரியாதா என்ன? கோவிட் காலத்தில் கூட்டம் தாங்காமல் 2021 ஆகஸ்டில் நெட்ஜெட்ஸ் கார்டு விற்பனையையே கொஞ்ச காலம் நிறுத்திவைத்தது. காசு கொடுக்க ஆள் வரிசையில் நிற்கும்போது கடையைச் சாத்தியது எனக்குப் பிடித்திருந்தது. இருக்கிற வாடிக்கையாளருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேறு வழியில்லை.

பங்கு முறையில் கார்டின் வசதிகள் எல்லாம் இருக்கும், விமானமும் காகிதத்தில் கொஞ்சம் உங்களுடையது. ஒரு கோடி டாலர் விமானத்தில் பதினாறில் ஒரு பங்கு 6,25,000 டாலர். ஐந்து வருடம் கழித்து அன்றைய சந்தை விலைக்குத் திருப்பிக் கொடுப்பீர்கள். 2,50,000 நஷ்டம் என்று வைத்தால் வருடத்துக்கு 50,000, மணிக்கு 1,000. பராமரிப்புக்கு மாதம் 12,000 என்றால் மணிக்கு 2,880. பறக்கும் நேரத்துக்கு எரிபொருளோடு மணிக்கு 3,500. போட்ட முதலுக்கு 5 சதவீத வட்டி இழப்பு மணிக்கு 625. கூட்டினால் 8,005 டாலர். கார்டு ரேட்டைச் சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்கிறோம்! என் கணக்கில் உள்ள எண்களைக் கொஞ்சம் நகர்த்தினால் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாயும், ஆனால் ஆளைத் தூக்கிப் போடும் வித்தியாசம் வராது.

பிறகு ஏன் வாங்குகிறார்கள்? வரி. தொழிலுக்காக வாங்கிய விமானப் பங்கின் விலை முழுவதையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கழிக்க அமெரிக்காவின் 2017 வரிச் சட்டம் வழி செய்தது, பின்பு அது படிப்படியாகக் குறைந்தது, 2025 ஜனவரி 19-க்குப் பிறகு வாங்கியவற்றுக்கு மறுபடியும் நூறு சதவீதம் வந்துவிட்டது. கார்டுக்கு இது கிடையாது. மேலே சொன்ன 7.5 சதவீதப் பயண வரியும் பங்குக்காரருக்கு இல்லை, எரிபொருள் மீது ஒரு வரி மட்டும். கழிக்க வருமானம் உள்ள முதலாளிக்கு இது பெரிய தொகை. சம்பளக்காரருக்கு இதில் ஒன்றும் இல்லை.

பிரபல முதலீட்டாளர் வாரன் பஃபெட் சொந்த ஜெட்டுக்கு "நியாயப்படுத்த முடியாதது" என்று பொருள்படும் பெயரை வைத்துத் தன்னைத் தானே கேலி செய்துகொண்டவர். 1990-களின் நடுவில் நெட்ஜெட்ஸில் ஒரு விமானத்தின் கால் பங்கை, அதாவது வருடத்துக்கு 200 மணி நேரத்தை, வாங்கினார். 1998-இல் அந்தக் கம்பெனியையே 72.5 கோடி டாலருக்கு அவருடைய முதலீட்டுக் கம்பெனியான பெர்க்‌ஷயர் வாங்கியது. அவர் மாதிரி எல்லாராலும் கம்பெனியையே வாங்கிப் பிரச்சினையைத் தீர்க்க முடியாது.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், முன்பணம். சீட்டுக் கம்பெனியில் பணம் கட்டிக் காத்திருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கார்டுக்குக் கட்டிய பணம், கம்பெனி இஷ்டத்துக்குத் தொட முடியாதபடி மூன்றாவது ஆளிடம் இருக்கும் எஸ்க்ரோ கணக்கில் வைக்கப்படாவிட்டால், கம்பெனியின் அன்றாடச் செலவில் கலந்துவிடும். கம்பெனி கவிழ்ந்தால் நீங்களும் கடன் கொடுத்தவர்கள் வரிசையில் பின்னால் நிற்பீர்கள். ஃப்ளோரிடாவில் இருந்த அவன்டேர் என்ற பங்கு முறைக் கம்பெனி 2013 ஜூனில் பறப்பதை நிறுத்தியது, பங்கு வாங்கியிருந்தவர்கள் தங்கள் விமானத்தின் பாகங்கள் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. ஜெட்சூட் என்ற இன்னொரு தனி ஜெட் கம்பெனி 2020 ஏப்ரலில் திவால் மனு போட்டது.

எல்லாவற்றிலும் பாடமாக இருப்பது வீல்ஸ் அப் என்ற மெம்பர்ஷிப் கம்பெனி. மார்க்விஸ் ஜெட்டைத் தொடங்கிய கென்னி டிக்டரே 2013-இல் ஆரம்பித்தது. ஆரம்பக் கட்டணம், ஆண்டுச் சந்தா, அதற்கு மேல் மணி நேர ரேட் என்று வாங்கியது. 2021-இல் பங்குச் சந்தைக்கு வந்தது. 2023 ஆகஸ்டில் கம்பெனி தொடர்ந்து நடக்குமா என்பதே சந்தேகம் என்ற நிலைக்கு வந்து, டெல்டா ஏர்லைன்ஸும் மற்ற முதலீட்டாளர்களும் 50 கோடி டாலர் திட்டத்தோடு வந்து காப்பாற்றினார்கள். காரணம் மர்மமில்லை. நிலையான ரேட்டில் உறுதி கொடுத்துவிட்டார்கள், கூட்டம் வந்தபோது தங்களிடம் விமானமும் விமானியும் போதாமல் வெளியே அதிக விலைக்கு எடுத்து அனுப்பினார்கள். டிராப் டாக்ஸிக்காரர் திரும்பும் சவாரி கிடைக்காமல், வாடகை வண்டியும் பிடித்து அனுப்பினால் என்ன ஆகுமோ அதுதான். அதனால் சந்தேகத்துக்கிடமான மலிவு ரேட்டைப் பார்த்தால் நான் மகிழ மாட்டேன், பயப்படுவேன்.

மாதச் சந்தா கட்டினால் இருக்கை இலவசம் என்ற கிளப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஜெட்ஸ்மார்ட்டர் உறுப்பினர்களுக்கு இலவச ஷட்டில் என்று ஆசை காட்டிச் சேர்த்தது, பிறகு விதிகளை மாற்றியது, உறுப்பினர்கள் வழக்குப் போட்டார்கள், 2019-இல் விஸ்டா என்ற தனி ஜெட் குழுமம் அதை வாங்கிக்கொண்டது.

இதற்கெல்லாம் பயந்து எங்கோ மலிவாகக் கிடைக்கிறதென்று தெரிந்தவரின் தெரிந்தவரிடம் விமானம் எடுப்பது அதைவிட மோசம். 2019 ஜனவரியில் கால்பந்து வீரர் எமிலியானோ சாலா பிரான்ஸின் நான்ட் நகரிலிருந்து வேல்ஸின் கார்டிஃபுக்குப் போன சிறு விமானம் ஆங்கிலக் கால்வாயில் விழுந்தது. காசு வாங்கிப் பயணிகளை ஏற்றும் உரிமம் அந்த விமானிக்கு இல்லை. ஏற்பாடு செய்தவருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. சார்ட்டர் எடுத்தால் விமானத்தை இயக்குவது யார், அவருக்கு வணிக உரிமம் உண்டா, ஆர்கஸ் அல்லது வைவர்ன் என்ற அமைப்புகளின் பாதுகாப்புத் தணிக்கை உண்டா என்று புரோக்கரைக் கேட்க வேண்டும். நல்ல புரோக்கர் கேட்காமலே சொல்வார்.

இன்னொரு போட்டியாளரை ஜெட் விற்பவர்கள் பேச்சிலேயே எடுக்க மாட்டார்கள். ஜேஎஸ்எக்ஸ் என்ற விமானக் கம்பெனி: 30 இருக்கை எம்ப்ரேயர் விமானம், தனி முனையம், நீண்ட வரிசை இல்லை, டிக்கெட் சில நூறு டாலர். டல்லாஸ், லாஸ் வேகாஸ், பர்பேங்க் போன்ற தடங்களில் போகிறவருக்குத் தனி ஜெட் மிச்சப்படுத்தும் நேரத்தில் பெரும்பகுதி இதிலேயே கிடைத்துவிடும். இரண்டு பேராகப் போகிறவர் முதலில் இதைப் பார்க்கட்டும். ஏழெட்டுப் பேர், நாய், கோல்ஃப் மூட்டை என்று போகிறவருக்குக் கணக்கு வேறு.

என்னைக் கேட்டால், அன்றே திரும்பும் பயணங்களுக்குச் சார்ட்டர், வரி கழிக்க வேண்டிய தொழிலதிபருக்குப் பங்கு. கார்டு, ஒரு வழிப் பயணங்கள் அதிகமுள்ள, கடைசி நேரத்தில் முடிவெடுக்கிற, முன்பணத்தை எஸ்க்ரோவில் வைக்கச் சம்மதிக்கிற கம்பெனி கிடைத்த ஆளுக்கு மட்டும். கையெழுத்துப் போடும் முன் விற்பனையாளரிடம் ஒன்று கேளுங்கள்: "தேங்க்ஸ்கிவிங் ஞாயிற்றுக்கிழமை மதியம் 2 மணிக்குப் பாம் பீச்சிலிருந்து டீட்டர்பரோ, ஒரு வழி. எத்தனை நாள் முன்னால் சொல்லணும், மொத்தம் எவ்வளவு வரும், நேரத்தை நீங்க எவ்வளவு நகர்த்தலாம்?" மூன்றுக்கும் எண்ணாகப் பதில் வந்தால் மேற்கொண்டு பேசலாம்.