ஆலிஸ்: டென்னியலா, ராக்கமா?

லூயிஸ் கரோலின் 'ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்' கதைப் புத்தகத்தை ஓவியங்களோடு ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் என் ஓட்டு ஓவியர் ஜான் டென்னியலுக்குத்தான். 1865 பதிப்புக்கு அவர் வரைந்த 42 படங்களும் கறுப்பு வெள்ளை. டால்சியல் சகோதரர்கள் அவற்றை அச்சுக்காக மரக்கட்டையில் செதுக்கினார்கள், அப்புறம் அச்சு தரமாக இல்லை என்று டென்னியல் சொன்னதால் முதல் அச்சையே நிறுத்திவிட்டு மறுபடி அச்சடித்தார்கள் என்றால், அந்தக் கோடுகள் மேல் அவருக்கு எவ்வளவு அக்கறை என்று பாருங்கள்!

இன்னொரு ஓவியர் ஆர்தர் ராக்கம் வரைந்தது 1907-இல், பிரிட்டனில் புத்தகத்தின் காப்புரிமை முடிந்த வருடம். 13 வண்ணப் படங்கள், கூடவே கொஞ்சம் கோட்டோவியங்கள். மங்கிய பழுப்பு, முறுக்கிய மரக்கிளைகள், கொஞ்சம் பயமுறுத்தும் அழகு. தனியாகச் சட்டம் போட்டு மாட்டலாம், அவ்வளவு நேர்த்தி. ஆனால் மலிவான மறுபதிப்பில் அந்த மென்மையான நிறங்கள் சேறாகிவிடும், நல்ல தாளில் வந்ததாகப் பார்த்து வாங்குங்கள்.

டென்னியல் படங்கள் எழுத்துக்கு நடுவிலேயே வருகின்றன. பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டும்போது கதையில் பூனை மறைகிற வரியும் பூனையின் படமும் கிட்டத்தட்ட ஒன்றாகவே கண்ணில் படும். ராக்கத்தின் வண்ணப் படங்களுக்கு வாசிப்பை நிறுத்திவிட்டுத் தனிப் பக்கத்துக்குப் போக வேண்டும். பெரியவர்களுக்குப் பரிசளிக்க என்றால், சரி, ராக்கம்.