சென்னை நடைபாதைக் குடும்பங்களுக்கு எது சரி: காப்பகமா, பெரும்பாக்கம் வீடா?

பாரிமுனைப் பக்கம் நடைபாதையில் வாழும் பல குடும்பங்கள் இரண்டு மூன்று தலைமுறையாக அங்கேயே இருப்பவை. பிழைப்பு அங்கே இருப்பதால்தான் தெருவில் இருக்கிறார்கள். மூட்டை தூக்கியும் பூக்கட்டியும் வரும் கூலியில், அட்வான்ஸ் கொடுத்து அந்தப் பகுதியில் வாடகைக்குப் போக முடியாது.

ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு வீடில்லாதவர்கள் தங்க ஒரு காப்பகம் வேண்டும், அது ஆண்டு முழுவதும் 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் சொன்னது. தனியாக இருக்கும் முதியவருக்கு அது உயிர் காக்கும் இடம். குடும்பத்துக்கு அப்படி இல்லை. பெரும்பாலான காப்பகங்கள் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. கணவனும் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் போனால், பதினாறு வயதுப் பையன் எங்கே படுப்பான்? அடுப்பையும் பாத்திரத்தையும் எங்கே வைப்பது?

நடைபாதைக் குடும்பங்களுக்கு மாற்று வீடாக அரசு கொடுக்கும் பெரும்பாக்கம் அடுக்குமாடியில் பூட்டுப் போடக் கதவு, கழிப்பறை, ரேஷன் கார்டுக்கு முகவரி எல்லாம் உண்டு. வயசுப் பெண் பிள்ளை இருக்கும் வீட்டில் இதன் அருமை தெரியும். ஆனால் பாரிமுனையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். விடியற்காலை மூட்டை இறக்கும் வேலைக்கு அங்கிருந்து எப்படி வருவது? பஸ் காசுக்கே கூலியில் ஒரு பங்கு போய்விடும். அதனால் சிலர் திரும்பி வருகிறார்கள். “வீடு கொடுத்தாலும் தெருவுக்குத்தான் வருவார்கள்” என்று அவர்களைத் திட்டுவது அநியாயம்.

என்னைக் கேட்டால், தனி ஆட்களுக்கும் நோயாளிகளுக்கும் காப்பகம். குடும்பங்களுக்கு வீடுதான், அதுவும் வேலைக்கு நடந்து போகிற தூரத்தில். வடசென்னையில் சும்மா கிடக்கும் அரசு நிலங்களில் சின்ன வாடகை வீடுகள் கட்டுவதை மாநகராட்சி முதலில் யோசிக்கட்டும்.